ஐந்தாவது யோசனை பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் வீட்டுக் கணினி வேகமாக ஓடுவதற்கு ஏழு யோசனைகள் என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. ஐந்தாவது யோசனை, "தேவையில்லாத புரோகிராம்களை நீக்கிவிடுங்கள்". அவ்வளவுதான், ஒரே வரி. ஆறாவதைத் தவிர மற்றவை சரியாகத்தான் இருந்தன, ஆறாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்த ஐந்தாவதைப் பற்றி மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே வரியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் படித்து, அப்படியே செய்துவிட்டு, மூன்று வாரம் சரியான தூக்கமில்லாமல் கிடந்தவள் நான்.

தாலுகா அலுவலகத்தில் 31 வருஷம் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். யளனக என்று மெஷினில் பழகிய விரல்கள். கணினி வந்தபோதும் அதே விசைகளில் அடிக்க முடிந்ததால் பாமினி எழுத்துருவோடு ஒட்டிக்கொண்டேன். என் அப்பா விவசாயி. எந்தத் தேதியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, குறுவைக்கு என்ன விதை, தாளடியில் என்ன கண்டது, யார் வீட்டில் எத்தனை ஆள் நடவுக்கு வந்தார்கள் என்று வருஷா வருஷம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆடுதுறை 27 ரக நெல்லை முதன்முதலாகப் போட்ட வருஷத்தில் மட்டும் பதினாறு பக்கம். அப்பா போன பிறகு நோட்டுகள் செல்லரிக்கத் தொடங்கியதால், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 212 பக்கம் தட்டச்சு செய்து கணினியில் வைத்தேன். செல்லரித்த நோட்டுகளில் பாதியை அப்புறம் எரிக்க வேண்டியதாகிவிட்டது. ஆக, அந்தக் கோப்பு ஒன்றுதான் மிச்சம்.

கணினி மெதுவாகிவிட்டது. ஆன் செய்துவிட்டு உலையில் அரிசி போட்டு வந்தால்கூட திரை தயாராகியிருக்காது. "தேவையில்லாததை நீக்குங்கள்" என்று படித்தேனா, சரி என்று பட்டியலைத் திறந்தேன். 74 புரோகிராம்கள் இருந்தன. என் வாழ்நாளில் நான் போட்டது பத்துகூட இருக்காது. பேரன் விடுமுறைக்கு வந்தபோது போட்டவை, கடைக்காரர் போட்டவை, எங்கிருந்து வந்தன என்றே தெரியாதவை. ஒரே மத்தியானத்தில் பதினொன்றை நீக்கினேன். வீட்டை ஒட்டடை அடித்த மாதிரி ஒரு நிம்மதி.

மறுநாள் காலையில் அப்பாவின் கோப்பைத் திறந்தேன். தமிழே இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள். 'ம்' வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு 'கே'யும் பக்கத்தில் ஒரு அரைப்புள்ளியும். 212 பக்கமும் அப்படித்தான். கை நடுங்கியது. மூடித் திறந்தேன், கணினியை அணைத்துப் போட்டேன், அப்படியேதான் இருந்தது.

கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சிடலாம்மா, எல்லாம் புதுசா ஆயிடும்" என்றார். எந்தக் கோளாறு என்று போனாலும் நம் ஊர்களில் இந்த ஒரே மருந்துதான். அன்றைக்கு நான் தலையாட்டியிருந்தால், கோப்பைத் தனியாக எடுத்து வைக்காமல் அவர் அடித்திருந்தால், அப்பா எழுதியது அத்தோடு போயிருக்கும். ஏனோ மனசு ஒப்பவில்லை, திருப்பித் தூக்கி வந்துவிட்டேன்.

காப்பாற்றியது எதிர்வீட்டுப் பெண். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குப்பை எழுத்துகளின் மேல் ஒரு முறை கிளிக் செய்துவிட்டு, மேலே எழுத்துருவின் பெயர் வரும் கட்டத்தைக் காட்டினாள். "அத்தை, இங்க பாருங்க, பாமினின்னுதான் இன்னும் காட்டுது. உங்க எழுத்து எங்கயும் போகல. எழுத்துரு மட்டும்தான் போயிருக்கு" என்றாள். விஷயம் இதுதான். நான் நீக்கிய பதினொன்றில் ஒன்று பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள். இப்போது எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்கிறோமே, இது எதற்கு என்று நீக்கிவிட்டேன். அது வரும்போது தன்னோடு எழுத்துருக்களைக் கொண்டுவந்து வைத்திருந்தது. போகும்போது அவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாமினியில் 'ம'வும் புள்ளியும் கணினிக்குள் ஆங்கில 'கே'யாகவும் அரைப்புள்ளியாகவும்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு என்ற கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் தமிழ். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருப்பவரிடம் அந்த எழுத்துருக் கோப்பு இருந்தது. பென் டிரைவில் வாங்கி வந்து, வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்ததும் அப்பா திரும்பி வந்துவிட்டார். அன்று சாயங்காலமே இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். அடுத்த மாதம் முழுவதும் உட்கார்ந்து மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, வரிக்கு வரி சரிபார்த்தேன்.

தமிழில் பத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் தட்டச்சு செய்து வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில், கோயில் நிர்வாகங்களில், சங்கங்களில் இதே நிலைமை இருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். பழைய தமிழ் மென்பொருள் எதையும் நீக்குவதற்கு முன்னால், உங்கள் பழைய கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். அந்த எழுத்துருக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் நீக்குங்கள்.

அந்த மத்தியானத்தில் வேறு தப்புகளும் செய்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று ஒரே பெயரில் 2005, 2008, 2010, 2013 என்று வரிசையாக இருந்தது. புதுசு இருக்கும்போது பழசு எதற்கு என்று 2008ஐ எடுத்துவிட்டேன். அவை மற்ற புரோகிராம்கள் ஓடத் துணையாக இருப்பவை, ஒன்றுக்கொன்று மாற்று இல்லையாம். 2008ஐ நம்பி எழுதப்பட்ட புரோகிராம் 2008ஐத்தான் தேடும். அன்றிலிருந்து என் ஸ்கேனர் மென்பொருள் திறக்கவே மறுத்துவிட்டது. ரியல்டெக், இன்டெல் என்று இருப்பவையும் பெயர் புரியவில்லை என்பதற்காகக் குப்பை ஆகிவிடாது. ஒன்று ஒலிக்கு, மற்றொன்று திரைக்கோ வைஃபைக்கோ இருக்கும். பெயர் புரியாததைக் கை வைக்காமல் விட்டுவிடுவது, தெரிந்தவரிடம் கேட்பது என்று இப்போது பழகிக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம் எங்கள் தெருவில் பலரிடமும் பார்க்கிறேன். திரையில் புரோகிராமுக்கு இருக்கும் குட்டிப் படத்தை டெலிட் செய்துவிட்டு, புரோகிராமே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரிதான், ஆள் உள்ளேயே இருக்கிறான். கொஞ்சம் விவரம் தெரிந்த சிலர் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போய் அதையே அழித்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். ஒரு புரோகிராம் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் தன் பெயரை எழுதிவைக்கிறது, கணினி ஆனாகும்போதே தானும் எழுந்திருக்க ஏற்பாடு செய்துகொள்கிறது, வேறு சில ஃபோல்டர்களிலும் சாமான் வைக்கிறது. எங்கெங்கே வைத்தது என்ற கணக்கு, அதை நீக்குவதற்கென்றே அதோடு வரும் அன்இன்ஸ்டாலரிடம்தான் இருக்கிறது. ஃபோல்டரை அழித்தால் கணக்குப்பிள்ளையும் சேர்ந்து போய்விடுகிறான். மிச்சத்தை யார் பொறுக்குவது? அதனால் ஸெட்டிங்ஸுக்குப் போய், ஆப்ஸ் என்பதற்குள் இருக்கும் பட்டியலில் பெயரைத் தேடி, அன்இன்ஸ்டால் கொடுப்பது ஒன்றுதான் முறையான வாசல். விண்டோஸ் 11இல் அந்தப் பட்டியல் இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்ற பெயரில் இருக்கும்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் என் கோப்புகளையும் படங்களையும் பென் டிரைவுக்கு எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் ஸ்டார்ட் தேடலில் ரீஸ்டோர் பாயின்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இன்றைய நிலையை ஒரு புள்ளியாகப் பதிந்துவைக்கிறேன். ஏதாவது கோளாறானால் விண்டோஸை அந்த நாளுக்குத் திருப்பலாம். பல கணினிகளில் இந்த வசதி அணைக்கப்பட்டே வருகிறது. என்னுடையதிலும் அப்படித்தான் இருந்தது. அது அணையாமல் இருந்திருந்தால் அந்த மூன்று வாரமும் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் சொந்தக் கோப்புகளுக்கு அது காவல் இல்லை, அதனால்தான் பென் டிரைவ் முதலில்.

பிறகு பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்துவேன். எதிர்வீட்டுப் பெண் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தாலுகா அலுவலகத்தில் ஒரே தேதியில் வந்த மனுக்களைச் சேர்த்துப் பார்த்தால் யார் எழுதிக்கொடுத்தார் என்று தெரிந்துவிடும். அதுபோல, பேரன் விளையாட்டை இறக்கிய அதே நாளில் ஒரு தேடல் பட்டை, ஒரு கூப்பன் காட்டும் புரோகிராம், 'பிசி வேகமூட்டி' ஒன்று என்று நான்கு பெயர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். எல்லாம் ஒரே வண்டியில் ஏறி வந்தவை. இலவசமாகக் கிடைக்கும் எதையாவது இறக்கும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போனால், முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்கள் வழியாக இவை உள்ளே வந்துவிடுகின்றன.

ஒவ்வொன்றின் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒன்றை நீக்கி, கணினியை அணைத்துப் போட்டு, பிரிண்டர், ஸ்கேனர், பழைய கோப்புகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போவதில்லை. நீக்கும்போது வரும் கேள்விகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "போகாதே" என்பது பெரிய பச்சைப் பொத்தானாகவும், "நீக்கு" என்பது சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகவும் இருப்பது தற்செயல் இல்லை. இந்த வழியில் 74 என்பது 43 ஆகியிருக்கிறது. இப்போது கணினி திறக்க ஒரு நிமிஷம் ஆகிறது.

ஆண்டிவைரஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுக் கணினியோடு சில மாத இலவசமாக வரும், அது முடிந்த பிறகு பயமுறுத்திக்கொண்டே கிடக்கும். ஒன்றைப் போட்டதன் மேல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டால் இரண்டும் சண்டை போட்டு கணினியைப் படுக்க வைத்துவிடும். இவை வழக்கமான முறையில் முழுதாகப் போகாவிட்டால், அந்தந்த நிறுவனமே தன் தளத்தில் நீக்கும் கருவி ஒன்றைக் கொடுத்திருக்கும். அங்கிருந்து மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளி ஆண்டிவைரஸ் போனதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடுகிறது. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

தங்கள் பெட்டிச் செய்தியில் ஆறாவது யோசனையாக ஒரு சுத்தப்படுத்தும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. பெயர் சொல்லவில்லை. ஆனால் படித்தவர்கள் என்ன செய்வார்கள்? தேடுவார்கள், முதலில் வருவதை இறக்குவார்கள். முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். பெயர்பெற்றதை எடுத்தாலும் நிம்மதி இல்லை. சிகிளீனர் என்பது உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் நம்பிய மென்பொருள். 2017இல் அதன் 5.33 பதிப்புக்குள் யாரோ திருட்டு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது போய்க்கொண்டிருந்தது. ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் இறங்கியதாக அந்த நிறுவனமே சொன்னது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. விண்டோஸில் இருக்கிற வழியே போதும்போது, நீக்குவதற்காக இன்னொன்றை உள்ளே விடுவது ஏன்?

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் மிச்சம் தங்குவதும் உண்டு. பிரவுசருக்குள் எக்ஸ்டென்ஷன் என்ற துணைச் செருகலாக ஒட்டிக்கொண்டவை இந்தப் பட்டியலில் வராது, பிரவுசருக்குள்ளேயே போய்த்தான் எடுக்க வேண்டும். 2014இல் லெனோவோ தன் மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் போட்டே விற்றது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தபோது தெரிந்தது என்னவென்றால், புரோகிராமை நீக்கினாலும் அது பதித்துவைத்த பாதுகாப்புச் சான்றிதழ் கணினியிலேயே தங்கிவிடும். வங்கித் தளத்தோடு நடக்கும் ரகசியப் பேச்சைக்கூட மற்றவர் ஒட்டுக்கேட்க அது வழி விட்டுவிடும். பிறகு அந்த நிறுவனமே நீக்கும் கருவியை வெளியிட்டது. 2017இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. புதுக் கணினி என்றால் சுத்தமான கணினி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பணம் கொடுத்து வாங்கும் பெட்டியில் நாம் கேட்காதது எதற்கு இருக்க வேண்டும் என்று வாங்கும்போதே கடையில் கேட்க வேண்டும். என்னென்ன போட்டிருக்கிறது என்ற பட்டியலை பில்லோடு எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஃபார்மட் அடித்துத் தரும் கடைகளும் அப்படித் தரட்டும். ஃபார்மட் அடித்த கையோடு திருட்டுப் பதிப்புகளைப் போட்டுக்கொடுத்து, அதன் வழியாகவே புதுக் குப்பையை ஏற்றி அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒருவரின் திரையில், வலது கீழ் மூலையில், "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஓயாமல் வந்துகொண்டிருந்தது. எதை நீக்குவது என்று தெரியாமல், அதில் இருந்த எண்ணுக்கே போன் செய்துவிட்டார். எதிர்முனையில் பேசியவன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். சார் சார் என்று சொல்லி, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ஒரு செயலியைப் போட வைத்து, வைரஸை எடுக்கிறேன் என்று 24,000 ரூபாயை எடுத்துவிட்டான். இத்தகைய செயலிகள் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது. இவரைப் போன்றவரிடம் அது வந்து சேரவே இல்லை. அப்புறம் பார்த்தால் அந்தக் கணினியில் வைரஸும் இல்லை, நீக்க வேண்டிய புரோகிராமும் இல்லை. ஏதோ ஒரு இணையதளம் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்டபோது இவர் அனுமதி தரும் 'அலோ' பொத்தானை அமுக்கியிருக்கிறார். பிரவுசரின் ஸெட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் என்ற இடத்தில் அந்தத் தளத்தின் பெயரை எடுத்ததும் நின்றுவிட்டது. இரண்டு நிமிஷ வேலை. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பணம் போனவுடன் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், தாமதம் ஆக ஆகத் திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நிஜமாகவே தீய மென்பொருள் புகுந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 முதல் சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற தளத்தில் இலவச நீக்கும் கருவிகளைக் கொடுத்து வருகிறது. இதைப் பற்றி நம் தமிழ்ப் பத்திரிகைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த ஞாயிறு அந்த ஐந்தாவது யோசனைக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் திரையில் வரும் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, எந்தப் பெயர்களைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். ஆறாவது யோசனைக்கு ஒரு திருத்தமும் வேண்டும். என் வயதுக்காரர்கள் பேப்பரில் வந்ததைக் கத்தரித்து கணினி மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டு செய்கிறவர்கள். என் நோட்டில் நீக்கியவை, நீக்கக் கூடாதவை என்று இரண்டு பட்டியல் இருக்கிறது. தங்களுக்குப் பயன்படும் என்றால், எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு முறை காட்டிச் சரிபார்த்து, யூனிகோடில் தட்டச்சு செய்து இந்த வாரமே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தட்டச்சர்,
மன்னார்குடி.